புரதக் கணக்கில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் புரதச்சத்து குறித்து அண்மையில் வெளியான கட்டுரை, உடற்பயிற்சி செய்வோருக்குத் தேவைப்படும் புரதத்தை அன்றாட உணவிலிருந்து மட்டும் பெறுவது ஏறக்குறைய இயலாத காரியம் என்றும், ஆகவே புரதப் பொடியை நாடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்றும் முடிவு கூறியிருந்தது. பல ஆண்டுகளாகப் பிறருக்கு உணவுத் திட்டம் எழுதித் தரும் பணியில் இருப்பவள் என்ற முறையில், அந்த முடிவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கணக்கைப் பற்றிச் சில விளக்கங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். உணவில் புரதம் போதவில்லை என்று என்னிடம் வருவோரில் பெரும்பாலோருடைய தட்டில் குறை இருப்பதில்லை. கூட்டல் போட்ட விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் இலக்கு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் இணைந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, உடல்நலமுள்ள வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பாதுகாப்பான அளவு என்று வரையறுக்கிறது. எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வில், கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமைத் தாண்டிச் சேர்த்த புரதத்தால் சராசரியாகத் தசை வளர்ச்சியில் மேற்கொண்டு பலன் தென்படவில்லை. அப்படியானால் 60 கிலோ எடையுள்ள ஒருவர், பயிற்சியே செய்யாதவராக இருந்தால் 50 கிராமும், கடுமையாகப் பயிற்சி செய்பவராக இருந்தால் 96 கிராமும் உண்டால் போதும். பயிற்சிக்கூடங்களில் வாய்வழியாகப் பரவும் கிலோவுக்கு 3 கிராம் என்ற அளவை இலக்காக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எந்தச் சமையலறையும் அதில் தோற்கத்தான் செய்யும். உடல் பருமன் உள்ளவர்கள் தங்கள் முழு எடையையும் கிலோக்கணக்கில் பெருக்கிக்கொள்வதும் இலக்கைத் தேவையில்லாமல் ஊதிப் பெரிதாக்கும் செயலே.

அடுத்தது, கட்டுரையுடன் வெளியான அட்டவணை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் நூறு கிராமுக்கு இத்தனை கிராம் புரதம் என்று போடப்பட்டிருந்ததே தவிர, அந்த நூறு கிராம் சமைப்பதற்கு முன்பா பின்பா என்று எங்கும் சொல்லப்படவில்லை. சிறிய விவரம் போலத் தோன்றினாலும் எல்லாக் குழப்பங்களுக்கும் இதுவே வேர். உலர்ந்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 19 அல்லது 20 கிராம் புரதம் உண்டு. அதையே இரவு முழுவதும் ஊறவைத்து, விரலிடையில் வைத்து அழுத்தினால் மசியும் பதத்துக்கு வேகவைத்தால், தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிடும். வெந்த கடலையில் நூறு கிராம் அளந்து எடுத்தால் அதில் இருப்பது 9 கிராம் புரதம்தான். கோழி நெஞ்சுக்கறியிலோ இது தலைகீழ். பச்சையாக நூறு கிராமில் 22 கிராம் அளவுக்கு இருப்பது, வெந்து நீர் வற்றியபின் நூறு கிராமுக்கு 31 கிராம் என்று ஆகிவிடுகிறது. பயறை உலர்ந்த நிலையிலும் கறியை வெந்த நிலையிலும் நிறுத்துவிட்டு, பயறுக்கு வெந்தபின் உள்ள புரத அளவையும் கறிக்குப் பச்சையாக உள்ள புரத அளவையும் எடுத்துக் கூட்டுபவருக்கு உணவு எப்போதும் பற்றாக்குறையாகவே தெரியும்; மாற்றி எடுப்பவரோ இல்லாத புரதத்தைத் தின்றதாக நினைத்துக்கொள்வார்.

கணக்கில் அறவே விடுபட்டுப்போவது தானியம். அரிசியையும் கோதுமையையும் மாவுச்சத்து என்ற தலைப்பில் எழுதிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறார்கள். சமைக்காத அரிசி நூறு கிராமில் 7 கிராமும், கோதுமையில் 11 முதல் 13 கிராமும் புரதம் இருக்கிறது. நாள் முழுவதற்குமாக 250 கிராம் தானியம் உண்பவருக்கு, எந்த முயற்சியும் இல்லாமல் சுமார் 20 கிராம் புரதம் சேர்ந்துவிடுகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் லைசின் தாராளமாக இருந்து மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் குறைவாக இருக்கிறது. இரண்டையும் உண்பவருக்கு ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்துவிடும். இரண்டும் ஒரே வேளையில், ஒரே தட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை; ஒரு நாளைக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும்.

இனி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக் கூட்டிப் பார்க்கலாம். தானியத்திலிருந்து 20 கிராம், மூன்று முட்டையிலிருந்து 18 கிராம், பாலும் தயிருமாக அரை லிட்டரிலிருந்து 16 கிராம், உலர்ந்த அளவில் 60 கிராம் பயறிலிருந்து 14 கிராம், பச்சையாக நிறுத்த 120 கிராம் மீன் அல்லது கோழியிலிருந்து 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் 93 கிராம் ஆகிறது. முட்டையும் இறைச்சியும் உண்ணாதவர், பயறை நூறு கிராமாக உயர்த்தி, கொழுப்பு நீக்கிய உலர் சோயாவில் 30 கிராமும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் சேர்த்துக்கொண்டால் 80 கிராமைத் தாண்டிவிடலாம். நிலக்கடலையைக் கைப்பிடி என்று நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நூறு கிராமில் 25 கிராம் புரதம் இருப்பதைப் போலவே ஏறத்தாழ 49 கிராம் கொழுப்பும் இருக்கிறது. அதைப் புரத உணவு என்று நினைத்துக் கொறித்துக்கொண்டே இருப்பவர் புரதத்தைவிடக் கலோரியைத்தான் அதிகம் சேர்க்கிறார்.

பொடியில் கிடைப்பதும் உணவில் கிடைப்பதும் ஒரே புரதம்தானே, எதில் உண்டால் என்ன என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அமினோ அமிலத்தை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானதே. பொடிகளில் பயன்படும் வே எனப்படும் புரதமும் பாலிலிருந்து பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆயினும் 2017இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடைப்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு ஒரு முறை முழு முட்டையும் மறுமுறை வெள்ளைக்கரு மட்டும் தந்து, இரண்டிலும் புரதம் 18 கிராம் இருக்கும்படி பார்த்துக்கொண்டபோது, முழு முட்டை உண்டபின் தசைப் புரதம் உருவாவது அதிகமாக இருந்தது. பத்தே பேரிடம் செய்த சிறிய ஆய்வு என்பதால் இதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். இருந்தாலும், மஞ்சள் கருவை வீசிவிட்டுப் புரதத்துக்காகப் பொடி தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பயறுடன் வரும் நார்ச்சத்தும், பாலுடன் வரும் சுண்ணாம்புச்சத்தும், மீனுடன் வரும் கொழுப்பு அமிலங்களும் புரதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்குவதில்லை.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண் உணவைவிடத் துல்லியமானது என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறைப்படி, ஒரு பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று குறிப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதை இந்த முறை கேட்பதில்லை. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறையாததுபோல் காட்டுவதற்காக நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளான மெலமைனைச் சேர்த்து, அந்தப் பால்மாவைக் குடித்த ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டதற்கு இந்த ஓட்டையே வழிவகுத்தது. புரதப் பொடியிலும் கிளைசின், டாரின் போன்ற நைட்ரஜன் உள்ள மலிவான பொருள்களைக் கலந்து புரத அளவை உயர்த்திக் காட்டும் வேலை நடந்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. தனி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்று விற்பவையும் உண்டு. ஆனால் முட்டை ஓட்டுக்குள் யாரும் கிளைசினைக் கலந்துவிட முடியாது.

உணவையே நம்புவோரிடமும் ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதே வலிமை தரும் என்று எண்ணுகிறார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், வெந்த முட்டையின் புரதம் ஏறத்தாழ 90 விழுக்காடு செரித்த நிலையில், பச்சை முட்டையின் புரதம் 50 விழுக்காடு அளவுக்கே செரித்தது. கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு தனி.

பொடியே கூடாது என்பது என் வாதம் அன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பசியற்றுக் கிடப்பவர்கள், நாலு கவளத்துக்கு மேல் இறங்காத முதியவர்கள், மெல்லவோ விழுங்கவோ சிரமப்படுபவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் புரதப் பொடி பேருதவியாக இருப்பதை நான் அன்றாடம் காண்கிறேன். அதேபோல் சிறுநீரக நோய் உள்ளவர்கள், பொடியானாலும் உணவானாலும், மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இந்த எச்சரிக்கை கட்டுரையில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை.

எனவே, அந்த அட்டவணையைத் திருத்தி மறுபடியும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் சமைக்காத எடை, சமைத்த எடை என்று இரண்டு எண்களும், கிண்ணம், தம்ளர், கைப்பிடி என்று வீட்டில் அளக்கும் அளவும், கூடவே கலோரியும் அதில் இருக்க வேண்டும். தானியங்களுக்கும் அதில் இடம் ஒதுக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கான குறிப்பை அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் போடாமல், மேலேயே கண்ணில் படும்படி அச்சிட்டால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உணவியல் ஆலோசகர் ஒருவர்