மழைநீர்க் குழாயைத் துண்டிக்கப் பணம் வாங்கிவிட்டு மறுபடியும் சாக்கடையிலேயே சேர்த்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை 600033

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மழைநீர் சேகரிப்பு வேலையில் குறைபாடு, வராத மானியத்தைக் கழித்து விலை சொன்னது – சரிசெய்து பணம் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். கடந்த ஆடி மாதம் எங்கள் வீட்டில் உங்கள் ஆட்கள் மழைநீர் சேகரிப்பு வேலை செய்தார்கள். பில் தொகை 48,000 ரூபாயையும் கட்டிவிட்டேன். அந்த பில்லில் ஒரு வரி இருக்கிறது: ‘கழிவுநீர் இணைப்பிலிருந்து மழைநீர்க் குழாய் துண்டிப்பு, ரூ. 6,500’. அந்த வேலை நடக்கவே இல்லை.

எங்களுடையது பழைய தனி வீடு. மொட்டை மாடி ஏறக்குறைய ஆயிரம் சதுர அடி. அதன் தண்ணீரெல்லாம் இரண்டு பைப் வழியாகக் கொல்லைப்பக்கத்து டிரைனேஜ் சேம்பரில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் கீழ்வீட்டு பாத்ரூமில் கழிவுநீர் எதிர்த்து வரும். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டோம். பார்வையிட வந்த உங்கள் இன்ஜினியர் நன்றாகவே விளக்கினார். இரண்டு பைப்பையும் சேம்பரிலிருந்து வெட்டிவிட்டு, ஃபில்டர் தொட்டி வழியாக எங்கள் உறைக்கிணற்றுக்குக் கொண்டுபோவது, மிஞ்சும் தண்ணீரைத் தெருவில் உள்ள மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்கு விடுவது என்று திட்டம். கொட்டேஷனோடு நீங்கள் தந்த வரைபடத்திலும் அப்படியே இருக்கிறது.

முதல் பெருமழையிலேயே பாத்ரூம் தரையில் பழையபடி சாக்கடைத் தண்ணீர். கிணற்றில் மட்டம் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. உங்கள் சேவை எண்ணில் கிடைத்த பதில், “இந்த வருஷம் மழை ஜாஸ்தி சார், எல்லா ஏரியாவிலும் இப்படித்தான்.” மழை ஜாஸ்தி என்றால் கிணறு அல்லவா முதலில் நிறைந்திருக்க வேண்டும்?

எங்கள் தெரு பிளம்பரை அழைத்து ஃபில்டர் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். ஜல்லியை அள்ளிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கிணற்றுக்குப் போகும் பைப், மிஞ்சும் தண்ணீர் வெளியேற வைத்த ஓவர்ஃப்ளோ பைப்பைவிட அரை அடி உயரத்தில் இருக்கிறது. மேலே இருக்க வேண்டிய ஓவர்ஃப்ளோ கீழே. ஆக, தொட்டிக்கு வரும் தண்ணீர் முதலில் ஓவர்ஃப்ளோவில்தான் போகும், கிணற்றுக்குப் போக வழியே இல்லை. சரி, அந்த ஓவர்ஃப்ளோவாவது தெரு வடிகாலுக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. சிமென்ட் தரைக்கு அடியிலேயே திருப்பி, பழைய டிரைனேஜ் சேம்பரில் சொருகிவிட்டிருக்கிறார்கள். வாசல் தரையை உடைத்துத் தெரு வரைக்கும் பைப் இழுக்கும் வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார்கள் போல. சந்தேகமே இருக்கக் கூடாதென்று மாடியிலிருந்து மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றினோம். ஒரு சொட்டு கிணற்றில் விழவில்லை. அத்தனையும் மஞ்சளாகவே சேம்பரில் வந்து நின்றது. வீடியோவும் எடுத்திருக்கிறோம்.

இதைச் சின்ன விஷயமாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் விழுவது கிட்டத்தட்ட 4,650 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்குப்படி நான்கு பேர் உள்ள வீடு செலவழிப்பது 540 லிட்டர். எங்கள் வீட்டின் எட்டு நாள் தண்ணீருக்கும் மேலே, ஒரே மழையில், குளியலறைக்கும் சமையலறைக்கும் போட்ட குழாயில் போய் விழுகிறது. இப்படிப் பத்து வீடு சேர்ந்தால் தெருவில் மேன்ஹோல் பொங்காமல் என்ன செய்யும்? மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடாதீர்கள் என்று மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நாளை அவர்கள் வந்து சேம்பரைத் திறந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான், நீங்கள் அல்ல.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் ஏரிகள் எல்லாம் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில், எங்கள் மாடியில் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது. அதில் பாதி கிணற்றுக்குள் போனாலும் போதும் என்றுதான் இவ்வளவு செலவு செய்தோம்.

அடுத்து மானியம். உங்கள் கொட்டேஷனில் ‘மொத்தம் 48,000, அரசு மானியம் 20,000, நிகர விலை 28,000’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். வேலை முடிந்து போட்டோ ஏற்றினால் மூன்று மாதத்தில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. ஆதார் நகல், பாஸ்புக் நகல், சொத்து வரி ரசீது எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். எந்தத் துறை, எந்த அரசாணை, விண்ணப்ப எண் என்ன என்று கேட்டால் இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பேசிய ஒருவர், அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தில் கொடுக்கிறார்களே என்றார்!

போர்ட்லாந்தில் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். 1990களில் தொடங்கி 2011 வரை நடந்த திட்டம் அது. கூரைக் குழாயைத் துண்டித்த வீட்டுக்காரருக்குக் குழாய்க்கு 53 டாலர். அந்த ஊரின் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். மழையில் அது நிரம்பி வில்லாமெட் ஆற்றில் கழிவு கலந்தது. அதைத் தடுக்க நகராட்சியே கைக்காசு போட்டது. சென்னையில் கழிவுநீருக்கு மெட்ரோ வாட்டர் குழாய், மழைநீருக்கு மாநகராட்சி வடிகால் என்று இரண்டும் தனித்தனி. மழைநீர் சேகரிப்பும் 2003இல் ஜெயலலிதா ஆட்சியிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. போர்ட்லாந்து டாலரைக் காட்டி மாம்பலத்தில் விலை சொல்வது என்ன வியாபாரம்?

மானியம் கொடுத்தால் நல்லதுதான். வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் தரையை உடைக்கிற செலவுக்குப் பயந்தே பைப்பைச் சாக்கடையில் விட்டு வைத்திருக்கிறார்கள். அரசிடம் அதைக் கேட்கலாம், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் இல்லாத மானியத்தை விலைப்பட்டியலில் கழித்துக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

எனவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் சேம்பருக்குப் போகும் இணைப்பை வெட்டி அடைத்து, ஃபில்டர் தொட்டியில் கிணற்றுப் பைப்பைக் கீழேயும் ஓவர்ஃப்ளோவை மேலேயும் வைத்து, ஓவர்ஃப்ளோவைத் தெரு வடிகால் வரை கொண்டுபோய்த் தர வேண்டும். தரையை உடைப்பதும் திரும்பப் பூசுவதும் உங்கள் செலவு. வேலை முடிந்ததும் என் முன்னால் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். நீங்கள் சொன்ன நிகர விலை 28,000. அதற்கு மேல் வாங்கிய 20,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மானியம் எப்போதாவது வந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், எழுதித் தருகிறேன். ஆதார், பாஸ்புக் நகல்களையும் திருப்பி அனுப்புங்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் சிலரிடம் இதே கொட்டேஷனைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு முதலில் உண்மையைச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சேவைக் குறைபாடு, தவறான விலை விளம்பரம் இரண்டையும் சேர்த்தே எழுதுவேன். ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தைய நாளே போன் செய்யுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: பில், கொட்டேஷன், வரைபட நகல்கள், ஃபில்டர் தொட்டி, சேம்பர் படங்கள், வீடியோ மின்னஞ்சலில் தனியாக.