செதில் நோய் உள்ள குழந்தைகளுக்கு அசிட்ரெட்டின் மருந்தும் அதுக்கான டெஸ்டும் மாவட்டத்துலயே கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

வணக்கம் ஐயா,

என் பொண்ணுக்கு நாலு வயசு, லாமெல்லார் இக்தியோசிஸ், ஊர்ல மீன் செதில் நோய்னு சொல்வாங்க. கீழ் இமை வெளிய இழுத்துக்கிட்டதால தூங்கும்போதும் கண்ணு முழுசா மூடாது, வேர்வை சரியா வராததால வெயில் காலத்துல உடம்பு கொதிக்கும்.

அசிட்ரெட்டின் கேப்சூல் ஆரம்பிச்சப்புறம் செதில் நல்லா குறைஞ்சிருக்கு, விரல மடக்கி பென்சில் பிடிக்கிறா. அதனால இந்த மருந்து கண்டிப்பா வேணும் ஐயா. ஆனா இது வைட்டமின் ஏ வகை மருந்து, எடை பார்த்துதான் டோஸ், வெறும் வயித்துல ரத்தம் எடுத்து லிவரும் ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பும் அடிக்கடி பாக்கணும், வருஷக்கணக்கா சாப்பிட்டா எலும்பையும் கவனிக்கணும். எங்களுக்கு மருந்து ஒரு இடம், டெஸ்ட் ஒரு இடம், டாக்டர் ஒரு இடம்னு கூலி வேலைய விட்டுட்டு அலையுறோம், பஸ்ஸுக்கு காசில்லாதவங்க டெஸ்ட விட்டுட்டு பழைய சீட்ட காட்டி மெடிக்கல்ல வாங்கிக் குடுக்குறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

இன்னொண்ணு. அங்கன்வாடியில ஆறு மாசத்துக்கு ஒருதடவ 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ குடுப்பாங்க இல்லையா, மத்த பிள்ளைங்களுக்கு நல்லதுதான், ஆனா இந்த மருந்து சாப்பிடுற பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்தா வைட்டமின் ஏ அதிகமாகி தலைவலி, வாந்தி, லிவர் பாதிப்புனு போயிடும். நர்ஸம்மா ஸ்பூன்ல ஊத்தி வாய்கிட்ட கொண்டுவந்துட்டாங்க, நான் பக்கத்துல இருந்ததால தடுத்தேன், அவங்க மேல தப்பில்ல, யாரும் அவங்களுக்கு சொல்லல.

அதனால, மருத்துவப் பணிகள் கழகம் மூலமா அசிட்ரெட்டின 10 மில்லிகிராம்ல வாங்கி மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில வைக்கணும், தோல் டாக்டர் பாக்குற அதே நாள்ல அங்கயே ரத்தமும் எடுக்கணும். டோஸ், எடை, அடுத்த டெஸ்ட் தேதி, "வைட்டமின் ஏ குடுக்காதீங்க"னு பெருசா எழுதின தமிழ் கார்டு ஒண்ணு குடுங்க, கிராம நர்ஸுக்கும் அங்கன்வாடிக்கும் சர்க்குலர் போகணும்.

பொம்பளப் பிள்ளைங்க வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே தாய்கிட்ட உக்காந்து பேசணும் ஐயா, ஏன்னா இந்த மருந்து சாப்பிடும்போதும் நிறுத்தி 3 வருஷம் வரைக்கும் கரு தங்கக்கூடாது, தங்குனா குழந்தை ஊனமா பொறக்கலாம். இதை மருந்து கவர்ல ஒரு வரியா அச்சடிச்சா பத்தாது, லேடி டாக்டரோ நர்ஸோ நேர்ல சொல்ல ஏற்பாடு பண்ணித் தரணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் தாய்