பழைய பேரிங் என் மேஜையில்

மாப்ளே,

எட்டு மாசமாகிவிட்டது. நீயும் எழுதவில்லைதான், ஆனால் முறைப்படி நான்தான் எழுதியிருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே பெரியவள் காலேஜுக்குப் போய்விட்டாள், சின்னவன் என்னைவிட உயரம், எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நலம் விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

என் போர்ஷே காரைப் பிரித்துவிட்டேன்.

இந்த இடத்தில் நீ ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பாய். சொல்லி முடி, காத்திருக்கிறேன். "ஓடுற வண்டியில கைய வைக்காதடா" என்று மூன்று வருஷமாக நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த ஆர்எக்ஸ் 100 பைக் கார்புரேட்டரில் நாம் கை வைத்து, அப்புறம் பொள்ளாச்சி ரோட்டில் நம் சிநேகிதன் கட்டை அழுததையும் மறக்கவில்லை.

அந்த பேரிங் கதையை முன்பு போனில் பாதி சொல்லும்போதே நீ சிரித்துவிட்டாய், அதனால் முழுசாகச் சொல்கிறேன். 2002ஆம் வருஷத்து போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டரும் படுத்திருக்கும் எஞ்சின், 250 குதிரை. பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கீழே நடுவில் இன்னொரு ஷாஃப்ட் ஓடுகிறது. கிராங்க் செயின் போட்டு அதைச் சுற்றும், அதிலிருந்து இரண்டு பக்கமும் செயின் போய், வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்களைச் சுற்றும். அந்த நடு ஷாஃப்ட்டை ஃப்ளைவீல் பக்கம் தாங்குவது ஒரே ஒரு பால் பேரிங். அளவு என்ன தெரியுமா? 6204. உள்ளே 20 மில்லிமீட்டர், வெளியே 47. உங்கள் பட்டறை அலமாரியில் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்ததே, மோட்டார் ரீவைண்டிங் ஆட்கள் வந்து கடன் சொல்லி வாங்கிப்போவார்களே, அதே அளவு. ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் அதில் தொங்குகிறது.

அதுவும் எப்படி? இரண்டு பக்கமும் சீல் வைத்து, உள்ளே கிரீஸ் அடைத்து, ஆயுசுக்கும் தொட வேண்டாம் என்று போட்டது. சுற்றிலும் ஆயில். வருஷம் போகப் போக சீல் தளர்ந்து ஆயில் உள்ளே போகிறது, கிரீஸைக் கரைக்கிறது, அப்புறம் வெளியே வர வழியில்லாமல் அதே ஆயில் உள்ளேயே கிடந்து கெட்டுப்போகிறது. பேரிங் உடைந்தால் ஷாஃப்ட் ஆடும், செயின் டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். எஞ்சின் போயிற்று. பல வண்டிகளில் முன்கூட்டி ஒரு சத்தம்கூட வராது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஆரம்ப கால வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங், அது ஓரளவு தாங்கிற்று. 2000 வாக்கில் ஒற்றை வரிசையாக மாற்றினார்கள். வந்தது வினை. இங்கே அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013இல் சமரசமாயிற்று. ஒற்றை வரிசையில் நூற்றுக்கு எட்டு, பத்து போகும் என்று அந்த வழக்கை ஒட்டி ஒரு கணக்கு பேசப்பட்டது. 2009 மாடலிலிருந்து புது எஞ்சின், அந்த ஷாஃப்டே கிடையாது.

"அப்படின்னா தொண்ணூறு வண்டி நல்லா ஓடுதில்ல? போறது போயிருக்கும், உன்னது தப்பிச்ச வண்டி" என்பாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், பகலில். ராத்திரி பதினோரு மணிக்கு வேறு கணக்கு வரும். எஞ்சின் மாற்றினால் வண்டி விலையே போய்விடும் மாப்ளே. கடைசியில் பயந்து பயந்து வண்டியையே எடுக்காமல் விட்டேன். மூன்று வருஷத்தில் 2,900 மைல்! மிச்சிகன் குளிரில் ரோட்டில் உப்புப் போட்டதும் அது கராஜுக்குள் போய்விடும், சரி. ஆனால் ஜூன் மாசம் வெயில் அடிக்கும்போதும் நான் டொயோட்டாவில் காய்கறி வாங்கப் போனேன். இதில் கூத்து என்னவென்றால், ஓட்டாமல் நிறுத்தி வைக்கிற வண்டியில்தான் அந்த பேரிங் சீக்கிரம் கெடும் என்கிறார்கள். நன்றாகச் சூடேறி ஓடினால்தானே ஆயிலில் சேர்ந்த தண்ணீர் ஆவியாகும். காப்பாற்றுகிறேன் என்று நானே கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்டில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். கிளட்ச்சுக்கு கியர்பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும், ஃப்ளைவீலைக் கழற்றினால் பேரிங் மூடி கண் முன்னால். சாக்குக் கிடைத்துவிட்டது. இங்கே எழுபது வயசு மெக்கானிக் ஒருவர், தனியாள், பேச்சே கிடையாது. அவர் முதலில் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து விளக்கடியில் பார்த்தார். உலோகத் தூள் மின்னினால் புது பேரிங் போடுவதே வீண் காசு, வண்டியை எடுத்துக்கொண்டு போ என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஒன்றும் இல்லை, சுத்தம். அப்புறம் கிராங்கை டாப் டெட் சென்டரில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்தி, புல்லர் போட்டு இழுத்தார். புதுசில் உருண்டைகள் செராமிக், சீல் கிடையாது, எஞ்சின் ஆயிலிலேயே குளித்துக்கொள்ளும்.

பில்லைக் கேட்காதே. கேட்பாய். கிளட்ச்சுக்கு 1,800 டாலர் என்று போனவன் 4,300 கொடுத்துவிட்டு வந்தேன். "கையோட கையா" என்கிற வியாதி ஊருக்கு ஊர் உண்டு போலிருக்கிறது. கையோடு கையாகப் பின் ஆயில் சீல், கையோடு கையாக வாட்டர் பம்ப், கையோடு கையாக ஏர் ஆயில் செபரேட்டர். வீட்டில் 2,500 என்று சொல்லியிருக்கிறேன். நீ உளறிவிடாதே.

இனிமேல்தான் விஷயம். அவர் பழைய பேரிங்கைத் துடைத்து, விரலில் மாட்டிச் சுற்றினார், ஆட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு, இன்னும் ஐம்பதாயிரம் மைல் ஓடியிருக்கும்" என்றார். உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான். சிரிப்பதா அழுவதா சொல். கெட்டிருந்தால் "பார்த்தாயா" என்று உனக்கு போட்டோ அனுப்பியிருப்பேன். நன்றாக இருந்ததால் நான் செய்தது புத்திசாலித்தனமா முட்டாள்தனமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதை ஒரு துணியில் வைத்துக் குப்பைக்கு நகர்த்தினார். என்னையறியாமல் கை நீட்டிக் கேட்டு வாங்கினேன். காரில் ஏறிய பிறகுதான் ஏன் கேட்டேன் என்று உறைத்தது. பழைய சாமானைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுக்காமல் உங்கப்பா யாரிடமும் காசு வாங்கமாட்டார். "பார்த்துக்குங்க, அப்புறம் நான் மாத்தலைன்னு சொல்லாதீங்க" என்பார். ஒவ்வொரு பேரிங்கையும் காதோரம் வைத்துச் சுற்றுவார். எஞ்சினுக்கு அந்த நீள ஸ்க்ரூடிரைவர். நுனியை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், நாம் மூச்சுக்கூட விடமாட்டோம்.

அவர் போனபோது நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன், இரண்டு வரி. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் மாப்ளே. ஒரு வாரம் தள்ளினேன், அப்புறம் காரியமும் முடிந்துவிட்டது, அப்புறம் உன்னைக் கூப்பிடவே வெட்கமாகிவிட்டது. எட்டு மாச மௌனத்துக்கு வேறு காரணம் கிடையாது. நீ திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டறையை வாடகைக்கு விடப்போகிறாய் என்று கட்டை சொன்னான். லேத்துக்கும் ஆள் பார்த்துவிட்டாயாமே. விடு, அது உன் பாடு, நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது.

வண்டி நன்றாக ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை டாப்பைத் திறந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரை 140 மைல் போய் வந்தேன். பேரிங் என் மேஜையில் இருக்கிறது. ராத்திரி காதோரம் வைத்துச் சுற்றிப் பார்க்கிறேன். சில நாள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சில நாள் உள்ளே மெல்லிசாக ஒரு கரகரப்பு இருக்கிற மாதிரி. என் காதை நம்ப முடியவில்லை.

ஜனவரி 9 டிக்கெட் போட்டிருக்கிறேன், கோயம்புத்தூரில் பத்து நாள். பேரிங்கைக் கொண்டுவருகிறேன், நீ சுற்றிப் பார்த்துச் சொல். லேத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு, அந்த ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொடுத்துவிடாதே.

உன்
மாப்ளே