நாயகர்கள் எதை மாற்றுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள் நாயகர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தலைமுடி, உடை, நடை, பேச்சு ஆகியவற்றில் ரசிகர்கள் ஒருவரைப் பின்பற்றுவதையே, தம் காலத்துப் பண்பாட்டின் மீது அவர் செலுத்தும் செல்வாக்கு என்று கட்டுரையாளர் கொள்கிறார். அது உண்மைதான், ஆனால் மேலோட்டமான உண்மை. அடுத்த நாயகர் வந்ததும் அந்த முடியும் சட்டையும் மறைந்துவிடுகின்றன. எது இயல்பு, எது வெட்கத்துக்குரியது என்று ஒரு சமூகம் வைத்திருக்கும் கணிப்பையே அசைத்துவிடும்போதுதான் நாயகரின் செல்வாக்கு ஆழமானதாகிறது என்பது என் கருத்து.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் 1991 நவம்பர் 7 அன்று செய்தியாளர்களைக் கூட்டி, தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதையும் ஆட்டத்திலிருந்து விலகுவதையும் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 32. அந்தத் தொற்று வேறு யாருக்கோ வருவது, அதுவும் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைக்கும் தண்டனை என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் காதில் ஏறாத செய்தி, எல்லோரும் நேசித்த அந்த மனிதர் தம் வாயால் சொன்னபோது ஏறியது. பரிசோதனைக்கு முன்வந்தோரும், உதவித் தொலைபேசிகளுக்கு வந்த அழைப்புகளும் அடுத்த சில நாட்களிலேயே பெருகின. ஆயினும் அச்சம் உடனே அகலவில்லை. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகும், களத்தில் அவருக்குக் காயம் பட்டால் தங்களுக்கும் தொற்றுமோ என்று சக வீரர்கள் சிலர் வெளிப்படையாகவே தயங்கியதால், தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பும் முயற்சியை அவர் கைவிட்டார். 1996இல் அவர் மீண்டும் களமிறங்கியபோது அந்தத் தயக்கம் பெரிதும் தணிந்திருந்தது. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த இந்த மாற்றத்தைத்தான் நான் பண்பாட்டு மாற்றம் என்கிறேன்.

இதனால் நாயகர் தனியாளாகக் காலத்தைத் திருப்பிவிடுகிறார் என்று சொல்ல வரவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கறுப்பினத்தவருக்கு அடைபட்டிருந்த அமெரிக்க முதல்நிலை பேஸ்பால் ஆட்டத்தில் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கினார் என்றால், அதற்குப் பின்னால் கறுப்பினப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் விடாமல் நடத்திய போராட்டம் இருந்தது. ஆனால், எத்தனை வசைகள் வந்தாலும் தொடக்கத்தில் பதிலடி கொடுப்பதில்லை என்று அணி நிர்வாகிக்குக் கொடுத்த வாக்கைக் காத்துக்கொண்டு, பார்வையாளர்களின் கண்முன்னே நாள்தோறும் ஆடிக் காட்டியவர் அவர்தான். ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை நீக்கும் ஆணை 1948இலும், பள்ளிகளில் பிரித்துவைப்பது செல்லாது என்ற தீர்ப்பு 1954இலும்தான் வந்தன. சட்டம் சொல்வதற்கு முன்பே ஆடுகளத்தில் மக்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

இதே செல்வாக்கு தீங்கும் செய்யும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை முப்பத்து மூன்றரை மணி நேரம் தன்னந்தனியாகப் பறந்து உலகையே வியக்க வைத்த சார்லஸ் லிண்ட்பெர்க், 1941 செப்டம்பரில் ஒரு பொதுக்கூட்டத்தில், அமெரிக்காவைப் போருக்குள் தள்ளுவோரின் வரிசையில் யூதர்களையும் சேர்த்துப் பேசினார். கடும் கண்டனம் எழுந்தது என்பது உண்மை. ஆனால், விமானம் ஓட்டத் தெரிந்தவருக்கு உலக அரசியலும் தெரிந்திருக்கும் என்று எண்ணி அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டமும் உண்மை. ஒரு துறையில் ஈட்டிய புகழை வேறொரு துறையில் செலவழிக்க நாம் இவ்வளவு எளிதாக விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

எனவே, இனி நாயகர்களைப் பற்றி எழுதும்போது அவர்களின் உடையையும் வருமானத்தையும் விரித்துரைப்பதைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் தங்கள் புகழைப் பணயம் வைத்தது எந்த இடத்தில், அதனால் மக்களின் எண்ணத்தில் மாறியது என்ன, அந்தப் புகழ் தவறான கருத்துக்குத் துணைபோனது எப்போது என்பவற்றையும் ஆராய்ந்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்