சன்னல் துளையை அடைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கெப்போங்கில் இரட்டை மாடி வரிசை வீடு எங்களுடையது. சாயங்காலம் வானம் கறுத்தால் போதும், வீட்டிலுள்ள பழைய துண்டெல்லாம் மாடி அறைச் சன்னலடிக்கு வந்துவிடும். அக்டோபர், நவம்பர் மழை கோலாலம்பூரில் எப்படிப் பெய்யும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, காற்றோடு சேர்ந்து கண்ணாடியில் நேராக வந்து அறையும்.

ஒன்றரை வருடத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இடுக்கை அடைக்கிற சிலிக்கோன் பசை பூசச் சொன்னேன். முதல் ஆள் உள்பக்கம் பூசினார், ஒழுகியது. இரண்டாவது ஆள் 380 வெள்ளி வாங்கிக்கொண்டு வெளிப்பக்கம் ஒரு இடுக்கு விடாமல் பூசிவிட்டுப் போனார், முன்பைவிட அதிகமாக ஒழுகியது!

போன மாதம் வந்த என் மச்சான் அலுமினியக் கடையில் வேலை பார்த்தவர். ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கி, ஸ்லைடிங் சன்னலின் கீழ் ட்ராக்கில், அதாவது கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில், ஊற்றினார். தண்ணீர் அப்படியே நின்றது. “இது வெளியே போற ஓட்டையை யார் அடைச்சது?” என்றார். ஓட்டை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

விஷயம் இதுதான். இழுத்துத் திறக்கிற சன்னலில் கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும், அடைமழையில் ட்ராக்குக்குள் தண்ணீர் வருவது கோளாறே இல்லை. அது சன்னல் சட்டத்தின் வெளிமுகத்தில் வெட்டிவிட்டிருக்கும் சின்னத் துளைகள் வழியாக வடிந்துவிட வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் ட்ராக் தொட்டிபோல நிரம்பி, உள்விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் வரும். நாம் உடனே சிலிக்கோனைத் தேடி ஓடுகிறோம்.

கார் நிறுத்துமிடத்துக் கூரைமேல் ஏறி, கத்தியால் சிலிக்கோனைக் கீறி எடுத்தோம். உள்ளே செத்த எறும்பு, புழுதி, வீடு கட்டியபோது விழுந்த சிமெண்ட் கட்டி. மெல்லிய கம்பியும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதுமாக இருந்தன. மறுபடி ஒரு குவளை ஊற்றினால், கலங்கல் தண்ணீர் சுவரோரமாக வெளியே இறங்கியது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் தயவுசெய்து எட்டிக் குனியாதீர்கள், உள்ளிருந்து எட்டுகிற அளவுக்குச் சுத்தம் செய்துவிட்டு மீதியை ஆள் வைத்துச் செய்யுங்கள்.

புது வீட்டுச் சாவி வாங்குகிறவர்களும் இந்தக் குவளைச் சோதனையைச் செய்யலாம். மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்கு, சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்து தரும் காலம் உண்டு. ஓடு விரிசல், கதவுக் கீறல் எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம், சன்னல் துளையை யாரும் பார்ப்பதில்லை.

சிலிக்கோனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டமும் சுவரும் சேருமிடத்தில் அது தேவைதான், ஆனால் பழையதைச் சுரண்டி எடுத்து, காயவிட்டுப் பூச வேண்டும். காடி வாடை அடிக்கிற மலிவு ரகம் சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பின்னறைச் சன்னல் இன்னும் கசிகிறது. அங்கே துளை சுத்தம், இடது மூலையில் சுவர்ப் பூச்சு உப்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்து, எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்க்கப்போகிறோம்.

வாசகர்,
கெப்போங், கோலாலம்பூர்