தில்லியில் தமிழ்ச் சாப்பாடு போடுகிறவர்களுக்கு: காலிஃபிளவர் சாதம் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கரோல் பாக், ஆர்.கே.புரம், முனிர்க்கா, மயூர் விஹார் பக்கங்களில் மெஸ் நடத்துகிறவர்களுக்கும், சீமந்தம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று காண்ட்ராக்ட் எடுக்கிறவர்களுக்கும், பொங்கல் விருந்தில் பந்தி விசாரிக்கிற சங்கத்துப் பெரியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். சோற்றைக் குறைத்தாக வேண்டியவர்களுக்காக, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையாவது, காலிஃபிளவர் சாதத்தையும், அதாவது அரிசியே இல்லாமல் காலிஃபிளவரையே துருவி வறுத்துச் சோற்றுக்குப் பதிலாகப் போடுவதையும், உங்கள் சாப்பாட்டில் சேருங்கள். சேர்ப்பதானால் அதைப் பொரியல் செய்கிற புத்தியோடு செய்யுங்கள். சோறு வடிக்கிற புத்தியோடு செய்வதால்தான் அது இப்போது வாயில் வைக்க முடியாமல் இருக்கிறது.

இப்போது நடப்பது என்ன? இலையில் உட்கார்ந்து "சாதம் கொஞ்சமா போடுங்க" என்று சொன்னால் போதும், பரிமாறுகிறவர் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டி, "சுகரா சார்? சப்பாத்தி வாங்கிக்கங்க" என்பார். தில்லியில் எந்தத் தமிழ் மெஸ்ஸுக்குப் போனாலும் இதே வசனம். அன்பாகத்தான் சொல்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் மூன்று சப்பாத்திக்கு 90 கிராம். அதில் ஏறக்குறைய 60 கிராம் மாவுச்சத்து. வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம். அதாவது மூன்று சப்பாத்தியும் 200 கிராம் சோறும் மாவுச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது சரி. மற்றபடி இடக்கையில் இருந்ததை வலக்கைக்கு மாற்றிக்கொண்டதுதான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வேறு.

அப்புறம் 2023-இல் சிறுதானிய ஆண்டு வந்தது. தலைநகரமே வரகும் சாமையுமாக மணந்தது. உங்களில் சிலரும் சாமைச் சாம்பார் சாதம், வரகுப் பொங்கல் எல்லாம் போட்டீர்கள். நன்றாகவே இருந்தது. ஆனால் சமைக்கும் முன் எடை போட்டால், சாமையிலும் வரகிலும் 100 கிராமுக்கு 65 கிராம் வாக்கில் மாவுச்சத்து உண்டு. பச்சரிசியில் 78. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் "சுகருக்கு நல்லது, இன்னொரு கரண்டி போட்டுக்கங்க" என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

காலிஃபிளவரில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 5 கிராம்தான், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. மீதியில் பெரும்பங்கு தண்ணீர். முழுச் சாப்பாட்டில் ஒருவர் சாதாரணமாகச் சாப்பிடும் 300 கிராம் சோற்றில் 84 கிராம் மாவுச்சத்து வருகிறது என்றால், அதே எடை காலிஃபிளவரில் 15 கிராம். அதனால்தான் கேட்கிறேன். சோற்றைப் பழிக்க வரவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சோற்றைப் பழித்தால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

இது நாலு பேர் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (ICMR-INDIAB) ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றது. பெரியவர்களில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர், தில்லியில் 17.8 பேர். நாம் இரண்டு ஊருக்கும் சொந்தக்காரர்கள்! உங்கள் பந்தியில் ஒரு வரிசைக்கு எத்தனை பேர் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காலிஃபிளவருக்கு இதைவிடத் தோதான ஊரும் கிடையாது. 1822-இல் இங்கிலாந்திலிருந்து விதை வந்து, முதலில் விதைத்துப் பார்த்தது தில்லிக்கு வடக்கே சஹாரன்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தோட்டத்தில். இன்றைக்கு நாம் வாங்கும் ரகங்களில் பல, நகரத்துக்குள்ளேயே இருக்கும் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானவை. பீட்டா கரோட்டின் கூடுதலாக இருக்கும்படி ஆரஞ்சு நிறத்தில் 'பூசா பீட்டா கேசரி' என்று ஒரு ரகமே கொடுத்திருக்கிறார்கள். அதில் எலுமிச்சை சாதம் செய்தால் மஞ்சள்தூளே வேண்டாம் என்று எனக்கு ஓர் ஆசை. டிசம்பர், ஜனவரியில் ஆசாத்பூர் மண்டியில் பூ குவிந்து கிடக்கும், தள்ளுவண்டிக்காரர் கூப்பிட்டுக் கொடுப்பார். மே, ஜூனில் இமாச்சல் மலைப்பக்கமிருந்து வருவதை வாங்கிக் கட்டுப்படியாகாது, அப்போது முட்டைக்கோஸுக்கு மாறிக்கொள்ளலாம், செய்முறை அதேதான். சுரைக்காயைத் துருவிப் பார்க்காதீர்கள், பாயசத்துக்குத்தான் ஆகும்.

இனி சமையலுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் கெடுவதெல்லாம் இங்கேதான். நகரத்தில் ஓர் இடத்தில் 'டயட் மீல்ஸ்' என்று வாங்கினேன். பெயர் வேண்டாம். ஹாட்பாக்ஸைத் திறந்ததும் கந்தக நெடி. உள்ளே குழைந்த வெள்ளைக் கூழ், அதன் மேலேயே ஊற்றிய சாம்பார், பக்கத்தில், நம்புங்கள், உருளைக்கிழங்கு ரோஸ்ட். விலை சாதாரணச் சாப்பாட்டைப் போல இரண்டு மடங்கு.

பூ கெட்டியாக, இடைவெளி இல்லாமல், தந்த நிறத்தில் இருக்க வேண்டும். பெரிய துண்டுகளாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம். பச்சைப் புழு இருந்தால் மிதந்து வரும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது அடுத்தது. தண்ணீரை வடித்த கையோடு துருவக் கூடாது. பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில், தொட்டால் ஈரம் தெரியாத வரைக்கும் காயவிடுங்கள். தில்லிக் குளிரில் நேரம் பிடிக்கும், முதல் நாள் ராத்திரியே செய்துவிடுவது நல்லது. துருவிய பிறகு கழுவுவது மகா பாவம்.

பெரிய கண் துருவியில் துருவினால் நொய் அளவுக்கு வரும், அதுதான் பதம். மிக்ஸியில் போடுவதானால் ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று. தொடர்ந்து ஓடவிட்டால் ரவையாகி, பிறகு எது செய்தாலும் உப்புமாதான். நடுத்தண்டின் இளசான பகுதியையும் துருவிச் சேர்க்கலாம். இலையோடு வாங்கும் பூவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும், அதனால் எதையும் வீணாக்க வேண்டாம். பஞ்சாபிக்காரர்கள் தண்டையும் இலையையும் சப்ஜி செய்கிறார்கள், நாம் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம்.

வாணலி பரந்ததாக, இரும்பாக இருக்கட்டும். நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. பெருங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், இந்தக் காய் வாயுப் பேர்வழி. அடுப்பை முழுசாக எரியவிட்டு, துருவலைப் போட்டு, நாலைந்து நிமிடம் கிளறுங்கள். மூடவே கூடாது. மூடினால் அதன் தண்ணீரிலேயே அது வெந்து கூழாகிவிடும், நெடியும் உள்ளேயே நிற்கும். உப்பு, இறக்குகிற சமயத்தில். முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பல்லில் லேசாகக் கடிபட வேண்டும், கையில் எடுத்து உதறினால் பிரிந்து விழ வேண்டும். ஒரே தடவையில் ஐந்து கிலோவைக் கொட்டிக் கிளறுகிற வேலை இதில் நடக்காது. ஆள் வர வர, வாணலி கொள்கிற அளவுக்கு வறுத்து இறக்க வேண்டும். பூரி போடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் இன்னோர் அடுப்பு, ஒரு ஆள். அவ்வளவுதான் செலவு. பார்சலுக்கு டப்பாவின் மூடியை உடனே அடைக்காமல் இரண்டு நிமிடம் ஆவி போகவிடுங்கள்.

மேலே என்ன ஊற்றுவது? சாம்பாரைக் கிண்ணத்தில் தனியாகக் கொடுங்கள், அதுவும் கெட்டியாக. ரசத்தை டம்ளரில் குடிக்கிறோம், எங்களுக்கு அது பழக்கம்தான். இதற்கென்றே பிறந்தது போல இருப்பவை புளிக்காய்ச்சல், வற்றல் குழம்பு, பருப்புப்பொடியும் நெய்யும். ஒரு கரண்டி வற்றல் குழம்பும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் சோற்றை மறக்க மாட்டோம், ஆனால் தேட மாட்டோம். தயிருக்கு, ஆறவைத்த துருவலில் கெட்டித் தயிரைப் பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். தயிர் சாதம் இல்லாமல் எழுந்திருக்கச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வர மாட்டார்கள்.

வயிறு நிறைவது தனி விஷயம். காலிஃபிளவரில் புரதம் 100 கிராமுக்கு 2 கிராம்தான். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனால் நாலு மணிக்கு சமோசாக் கடை வாசலில் நிற்போம். அதனால் கூடவே பீன்ஸ் உசிலியோ கொண்டைக்கடலைச் சுண்டலோ கொடுங்கள். அசைவ மெஸ்ஸானால் ஆம்லெட், மீன் வறுவல். தில்லியில் பனீருக்கும் பஞ்சமில்லை. என்னைக் கேட்டால், பருப்பை ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்து, காலிஃபிளவர் துருவலோடேயே சேர்த்து உசிலியாகப் புரட்டிவிடுவதுதான் நம் சமையல்காரர்களுக்குச் சுலபம். பருப்பில் மாவுச்சத்து உண்டு, ஆனால் புரதமும் நாரும் கூட வருகின்றன. உருளைக்கிழங்கு ரோஸ்டை மட்டும் தயவுசெய்து அந்த இலைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதைப் பலகையில் எழுதி வைத்தால் புண்ணியம். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். டாக்டரிடம் கேட்டு மருந்து அளவைச் சரிசெய்துகொண்டுதான் மாற வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும், சோற்றைவிடக் காலிஃபிளவரில் அது பல மடங்கு. அதே பலகையில் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதிவிடாதீர்கள். சாப்பாட்டுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் தடுக்கின்றன. விதிமுறை இருக்கட்டும், அது உண்மையும் இல்லை. ஒரு தட்டில் எத்தனை கிராம் காலிஃபிளவர், எவ்வளவு எண்ணெய் என்று எழுதுங்கள், எங்களுக்கு அது போதும்.

விலை பற்றி. ஆள் கூலி கூடுதல் என்பது தெரியும், கொஞ்சம் கூட்டி வாங்குங்கள், தருகிறோம். ஜனவரியில் இரண்டு மடங்கு என்றால் மட்டும் கேள்வி கேட்போம்.

கடைசியாகச் சங்கத்துக்காரர்களிடம். 'சுகர் பேஷண்ட்ஸ்' என்று அட்டை ஒட்டி ஒரு மூலையில் தனி மேஜை போடாதீர்கள். அங்கே யாரும் வந்து உட்கார மாட்டார்கள், எங்கள் மாமா ஒருவர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டார். எல்லோரும் உட்காரும் அதே பந்தியில், சாத வாளிக்குப் பின்னால் இன்னொரு வாளி வரட்டும். பரிமாறும் பிள்ளைகள் "சாதமா, காலிஃபிளவரா, பாதிப் பாதியா?" என்று மூன்றையும் எல்லோரிடமும் கேட்கட்டும், சர்க்கரை இல்லாதவர்களிடமும். பாதிப் பாதி என்பதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் இறங்கும், மாவுச்சத்தும் நூற்றுக்கு நாற்பது வாக்கில் குறைந்துவிடும்.

பொங்கல் விருந்துக்கு மெனு பேசும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் என் வீட்டு இரும்பு வாணலியோடு வருகிறேன். செய்தே காட்டிவிடலாம். பூவை மட்டும் முதல் நாளே கழுவிக் காயவைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்திகளில் பல வருஷமாகச் சாப்பிடும்
ஆர்.கே.புரத்துக்காரன்