ஸ்கேன் நார்மல்தான், ஆனாலும்

அன்புள்ள வித்யா,

உன் பிள்ளை முகிலுக்கு ஆட்டத்தில் தலையில் அடிபட்டதை மாப்பிள்ளை போனில் சொன்னார். ஸ்கேன் நார்மல் என்றதும் உனக்கு மூச்சு வந்திருக்கும், சரி. அதை வைத்துக்கொண்டு முகிலை சனிக்கிழமை மேட்சில் இறக்கச் சொல்லி கோச்சோடு மல்லுக்கு நின்றாயாமே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்கிப் போவது, அதில் தெரியாது. தயிர்த் தூக்கோடு பஸ்ஸில் போகும்போது டிரைவர் சடன் பிரேக் போட்டால், தூக்கில் ஒரு கீறல் இருக்காது, உள்ளே தயிர் கலங்கிக் கிடக்கும். மூளையும் அப்படித்தான். நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்பதும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தப்புவதே இல்லை. தலைக்காய வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

சீசன் ஆரம்பத்தில் பள்ளியில் கன்கஷன் பற்றிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாய், படித்திருக்க மாட்டாய். அந்தத் தாள் வந்த கதை உங்கள் பக்கத்து ஊர்க் கதை. 2006-இல் உங்கள் வாஷிங்டன் மாநிலத்து மேப்பிள் வேலியில் ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையனுக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலை தரையில் மோதியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் விழுந்துவிட்டான். ஹெலிகாப்டரில் சியாட்டிலுக்குக் கொண்டுபோய், மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டை இரண்டு பக்கமும் திறந்தார்கள். முதல் வார்த்தை பேச ஒன்பது மாதம் ஆனது. 2009-இல் வாஷிங்டன் மாநிலம் அவன் பெயரிலேயே சட்டம் போட்டது: சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார வை, பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் எழுதித் தராமல் திரும்ப இறக்காதே. ஐந்தே வருடத்தில் ஐம்பது மாநிலங்களிலும் இதுபோல் சட்டம் வந்துவிட்டது. ஆக, அந்தக் கோச் நினைத்தாலும் உனக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

முகிலிடம் கேட்காதே. "ஐ ஆம் ஃபைன்" என்பான், ஆடணுமே! நீ பார். வீடியோ காலில் "பாட்டி, சாப்பிட்டாச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கண்ணை இடுக்கினான். எரிச்சல், தூக்கக் குளறுபடி, கணக்குப் போடும்போது தலைவலி, இதெல்லாம் கணக்கில் வரும். மாத்திரை போட்டபின் வலி இல்லை என்பது கணக்கில் வராது. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்கு ஓடு.

இருட்டறையில் பூட்டியும் வைக்காதே, அது பழைய வைத்தியம். முதல் ஓரிரு நாள் ஓய்வு, போன் குறைவு. அப்புறம் நடக்கட்டும், பள்ளிக்குப் போகட்டும், மெல்ல ஓடட்டும். படிக்கு ஒரு நாளாவது வேண்டும். தொந்தரவு கூடினால் ஒரு படி இறங்கு. தலைமோதும் ஆட்டம் டாக்டர் சொன்ன பிறகுதான்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஆரஞ்சு வெட்டிக் கொண்டுபோகும் முறை உன்னுடையதாமே. முகிலையும் கூட்டிப் போ, பெஞ்சில் சிநேகிதர்களோடு உட்காரட்டும். கோச்சிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அம்மா